பள்ளத்தாக்கின் செய்தியாளர்

மதுரை மாநகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்ததும் பசுமையான ஒரு நிலப்பரப்பினுள் இறங்குகிறது. வடக்கே பழனிமலைத் தொடர்; மேற்கே ஏலமலை; கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும். இம்மலைகளின் நடுவே முல்லையாறு பாய்ந்து வளம் பெருக்கும் நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. அதன் வாயிலில் தேனி நகரம் அமைந்துள்ளது. கீழ்முகாம் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் வயல்களாகும். சின்னமனூரில் வாழையும், கம்பத்தில் பன்னீர்த் திராட்சையும் விளைகின்றன. மலைத் தோட்டங்களில் விளையும் ஏலம் போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வருகிறது. முன்பு மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த இந்நிலம், 1996ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் எனத் தனியே பிரிக்கப்பட்டது.

இப்பள்ளத்தாக்கின் வாழ்வு நீரை நம்பியது. நீரைப் பற்றிய செய்தியையும் நம்பியது. பெரியாறு அணையில் நீர் எத்தனை அடி நிற்கிறது என்பதை அறிந்தே உழவர் நாற்றங்கால் அமைக்கின்றனர். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை; 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கை. ஏலக்காய் இன்று என்ன விலைக்குப் போயிற்று, போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்ததா, குமுளி வழியில் பேருந்து செல்கிறதா என்பன போன்ற வினாக்களும் நாள்தோறும் எழுகின்றன. இவற்றிற்கு விடை தேடிச் சென்று, சரிபார்த்து, மக்களுக்கு அறிவிப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரே ஊர்ச் செய்தியாளர்.

நாளிதழின் தலைமை அலுவலகம் பெருநகரில் இருக்கும். அங்கே ஆசிரியரும் துணையாசிரியர்களும் அமர்ந்து பணியாற்றுவர். ஆயினும் அவர்கள் மேசையிலிருந்து கம்பத்து வயலைக் காண இயலாது. உடலுக்குக் கண்ணும் செவியும் போல, இதழுக்கு அமைந்தவர்களே ஊர்தோறும் உள்ள செய்தியாளர்கள். மாவட்டத் தலைநகரில் முழுநேரச் செய்தியாளர் இருப்பார். உத்தமபாளையம், போடி, பெரியகுளம் போன்ற ஊர்களில் பகுதிநேரச் செய்தியாளர்கள் இருப்பர். இப்பணியில் இன்று ஆடவரும் மகளிரும் ஈடுபட்டுள்ளனர்.

செய்தியை அறிய விரும்புவது மக்களின் இயல்பு. அச்சு இயந்திரம் பரவுவதற்கு முன்னர், அரசின் ஆணைகளை ஊருக்கு ஊர் பறையறைந்து அறிவித்தனர். செய்திகளைத் தொகுத்து வாரந்தோறும் அச்சிட்டு விற்கும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. 1605ஆம் ஆண்டில் ஸ்டிராஸ்பர்க் நகரில் யோகான் கரோலஸ் என்பவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட இதழே உலகின் முதற் செய்தித்தாள் எனப் பலரும் கருதுவர். தமிழகத்தில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882ஆம் ஆண்டில் சுதேசமித்திரனைத் தொடங்கினார். வார இதழாகத் தோன்றிய அது, 1899ஆம் ஆண்டில் நாளிதழாயிற்று. பாரதியார் அவ்விதழில் துணையாசிரியராகப் பணியாற்றியதைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். 1942ஆம் ஆண்டில் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி' என்னும் நாளிதழைத் தொடங்கினார். அதுவே பின்னர்த் தினத்தந்தி ஆயிற்று. சென்னையில் அச்சாகும் இதழுக்காகக் காத்திராமல், தென்மாவட்ட மக்கள் தங்கள் பகுதிச் செய்திகளைத் தங்கள் பகுதியில் அச்சாகும் இதழிலேயே படிக்க அது வழி செய்தது.

அக்காலத்தில் பள்ளத்தாக்கிலிருந்து செய்தியை அனுப்புவது எளிய செயலன்று. அன்றாடச் செய்திகளைத் தாளில் எழுதி, உறையில் இட்டு, மதுரை செல்லும் பேருந்திலோ அஞ்சலிலோ அனுப்புவர். அவசரச் செய்தியாயின் தந்தி அலுவலகத்திற்கு விரைவர். இதழ்களுக்குச் செல்லும் தந்திக்குக் கட்டணச் சலுகை உண்டு. எனினும் வீண்சொல் ஒன்றும் அதில் இடம்பெறாது. வேண்டிய சொல்லை வேண்டிய இடத்தில் வைத்து எழுதும் சிக்கனத்தைச் செய்தியாளர்கள் தந்தியிடமிருந்து கற்றனர். பின்னர்த் தொலைபேசி பரவியது. அதன்பின் கணிப்பொறியும் கைப்பேசியும் வந்தன. இந்தியாவில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறைவுற்றது. இன்று படமும் செய்தியும் நொடியில் மதுரையை அடைகின்றன. வழி எளிதாயிற்று, ஆனால் செய்தியைத் தேடும் உழைப்பு குறையவில்லை.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர் முதலில் கற்பது ஆறு வினாக்களை. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பனவே அவை. இவற்றுள் ஒன்றற்கு விடை இல்லையெனினும் செய்தி குறையுடையதாகும். அடுத்து அவர் கற்பது, எந்தச் செய்தி எங்கே கிடைக்கும் என்பதை. காலையில் நீர்வளத் துறை அலுவலகத்தில் அணைகளின் நீர்மட்டத்தையும், நீர்வரத்தையும், வெளியேற்றத்தையும் கேட்டுக் குறிக்க வேண்டும். காவல் நிலையத்திற்கும் அரசு மருத்துவமனைக்கும் நாள்தோறும் செல்ல வேண்டும். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், மனுவுடன் நிற்கும் மக்களிடம் பேச வேண்டும். போடியில் ஏல விற்பனை முடிந்ததும், அன்றைய சராசரி விலை என்ன, உயர்ந்த விலை என்ன எனக் கேட்டறிய வேண்டும். இவற்றுள் பல, படிப்பவர்க்குச் சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் விலையைச் சரியாக அறிந்த சிறு விவசாயியை வணிகர் எவரும் ஏமாற்ற இயலாது. அணையின் நீர்மட்டத்தைத் தவறாக அறிந்த உழவன் விதைநெல்லை இழப்பான். ஆகவே, சிறு செய்திகளில் காட்டும் கவனமே செய்தியாளரின் முதற் பயிற்சி.

அறிந்ததை ஆராயாமல் எழுதலாகாது என்பது இத்தொழிலின் தலையாய விதி. இவ்விதி தமிழர்க்குப் புதியதன்று. திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்து கொள்ள வேண்டும் என்றார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் கூறுவது ஒத்திருப்பின் அதனை நம்பலாம் என்றும் கூறினார். அரசர்க்கு உரைத்த அந்த அறிவுரை இன்று செய்தியாளர்க்கும் பொருந்துகிறது. விபத்தைக் கண்டவர் ஒருவர், காவல் அதிகாரி ஒருவர், மருத்துவர் ஒருவர். இம்மூவரும் கூறுவது ஒத்திருந்தால் செய்தி உறுதிப்படும். மூவரும் ஒருவரிடமே கேட்டுவந்து கூறினால் அது மூன்று சான்று ஆகாது. ஒரு சான்றே ஆகும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல செய்தியாளர்.

செய்தித்தாளுக்குத் துணையாக இருபதாம் நூற்றாண்டில் வானொலி வந்து சேர்ந்தது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் 1924ஆம் ஆண்டில் ஒரு வானொலிக் கழகத்தை நிறுவி ஒலிபரப்பைத் தொடங்கினர். பின்னர் அரசின் வானொலி நிலையம் சென்னையில் 1938ஆம் ஆண்டிலும், திருச்சியில் 1939ஆம் ஆண்டிலும் அமைந்தது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற செய்தியைப் பூர்ணம் விசுவநாதன் டில்லி வானொலியில் தமிழில் வாசித்தார். எழுத்தறியாத மக்களும் செய்தி அறியும் காலம் பிறந்தது. ஊராட்சி மன்றத்தின் வானொலிப் பெட்டியைச் சுற்றி ஊரார் அமர்ந்து கேட்பது அந்நாளில் வழக்கமாக இருந்தது. 1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்வகை பரவியபொழுது, வானொலியின் வாயிலாக அதனை அறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு வழங்கினர். கேட்ட செய்தியை நம்பி, உழவர் தம் நிலத்தையே அதன் பொறுப்பில் விட்டனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

மலைகள் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் வானொலிக்கு ஓர் இடையூறு உண்டு. பண்பலை ஒலிபரப்பின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வன. இடையில் மலை நின்றால், அதன் மறுபுறத்தை அவை நன்கு எட்டா. ஆதலால் உயர்ந்த மலையின்மீது நிலையத்தை அமைத்தால், கீழேயுள்ள சமவெளி முழுவதும் அலைகள் பரவும். கோடைக்கானல் மலையில் அமைந்த பண்பலை நிலையத்தின் ஒலி, தேனி மாவட்டத்தின் வீடுகளிலும் தோட்டங்களிலும் தேநீர்க் கடைகளிலும் கேட்பதற்கு அவ்வுயரமே காரணம். அகில இந்திய வானொலிக்குச் செய்தி அனுப்ப, மாவட்டங்களில் பகுதிநேரச் செய்தியாளர்கள் உள்ளனர். அவர்கள் அனுப்பும் செய்திகளை நிலையத்தின் செய்திப் பிரிவினர் ஆராய்ந்து, சுருக்கி, மாநிலச் செய்தி அறிக்கையில் சேர்க்கின்றனர்.

இதழுக்கு எழுதுவதும் வானொலிக்கு எழுதுவதும் ஒன்றல்ல. இதழ் கண்ணுக்கு உரியது; வானொலி செவிக்கு உரியது. இதழைப் படிப்பவர் விளங்காத வரியை மீண்டும் படிக்கலாம். வானொலியைக் கேட்பவர் தவறவிட்ட சொல்லைத் திரும்பப் பெற இயலாது. வைகை அணை நிரம்பி வரும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். 'வைகை அணையின் நீர்மட்டம் நேற்று மாலை 68.5 அடியை எட்டியதைத் தொடர்ந்து, ஆற்றின் கரையோரம் வாழும் மக்களுக்கு இரண்டாம் எச்சரிக்கை விடுக்கப்பட்டது' என்று இதழில் எழுதலாம். வானொலியிலோ, 'வைகைக் கரையில் வாழும் மக்களுக்கு இரண்டாம் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது. அணையின் நீர்மட்டம் அறுபத்தெட்டரை அடி. மக்கள் ஆற்றில் இறங்க வேண்டா' என்று சொல்ல வேண்டும். யாருக்கு உரிய செய்தி என்பது முதலில் வருகிறது, எண் எளிதாகிறது, வாக்கியம் மூன்றாகப் பிரிகிறது. இரு துறையிலும் பணியாற்றும் செய்தியாளர், ஒரே உண்மையை இருவகை நடையில் எழுதப் பழக வேண்டும்.

இதழும் வானொலியும் வெளியூர்களிலும் ஒன்றற்கொன்று துணை நிற்கின்றன. ஜெர்மனி நாட்டில், செய்தியாளர் ஆக விரும்பும் இளைஞர் பெரும்பாலும் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறுவர். பலர் உள்ளூர் நாளிதழில் நகரமன்றக் கூட்டத்தையும் சந்தையையும் பற்றி எழுதித் தொடங்கிப் பின்னர் வட்டார வானொலிக்குச் செல்வர். வட்டாரத்திற்கு அந்நாட்டார் இத்துணைச் சிறப்பளிப்பதற்கு ஒரு கசப்பான வரலாறு காரணம். 1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும், வானொலி நிலையங்கள் அனைத்தும் ஒரே அமைச்சகத்தின் கைக்குள் வந்தன. அரசு ஒப்பியவரே இதழில் எழுதலாம் என அதே ஆண்டில் சட்டம் வந்தது. மலிவு விலையில் வானொலிப் பெட்டிகளைச் செய்து, வீடுதோறும் பொய்யையும் பகைமையையும் பரப்பினர். உலகப் போருக்குப் பின்னர் அம்மக்கள் பாடம் கற்றனர். வானொலி மீண்டும் ஒருவர் கைக்குள் சிக்காதவாறு, வட்டாரந்தோறும் தனித்தனி நிலையங்களை அமைத்தனர். மேற்கு ஜெர்மனியில் அவை 1950ஆம் ஆண்டில் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. எனினும் தம் தனித்தன்மையை விட்டுவிடவில்லை. தலைநகரிலிருந்து வரும் ஒரு குரலே நாடெங்கும் ஒலித்தால், அது பொய்யாகும்போது தடுத்துக் கூற ஆளில்லாது போகும் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் செய்தியாளர்களுக்கும் கடுமையான சோதனைகள் நேர்ந்ததுண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய சிக்கல் முற்றியது. புதிய அணை வேண்டுமெனக் கேரளமும், உள்ள அணையே உறுதியானது எனத் தமிழகமும் வாதிட்டன. பள்ளத்தாக்கின் மக்கள் பெருந்திரளாகக் குமுளி எல்லையை நோக்கிச் சென்றனர். தடையாணை பிறப்பிக்கப்பட்டது; எல்லைப் போக்குவரத்து நின்றது. ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். மலையின் இருபுறமும் வதந்திகள் பறந்தன. அப்பொழுது ஊர்ச் செய்தியாளர் எழுதும் ஒரு சொல் கல்லெறியைத் தூண்டவும் கூடும், தணிக்கவும் கூடும். தாக்குதல் நடந்தது என்று எவரேனும் கூறினால், எங்கே, யார்மீது, கண்டவர் யார் என்று கேட்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. அணையை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த வல்லுநர் குழு 2012இல் அறிக்கை அளித்தது. அணை உறுதியானது என்றும், 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்றும் 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆராய்ந்து பெற்ற அத்தீர்ப்பு வரும்வரை மக்களைக் காத்தவை, பொறுமையும் சரியான செய்தியுமே ஆகும்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றிருந்தோர் அதில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றிரவு தொலைவிலுள்ள வீடுகளில் பெற்றோர்கள் செய்திக்காகக் காத்திருந்தனர். இத்தகைய வேளையில் ஒரு பெயர் தவறினால், உயிருடன் இருப்பவரின் வீட்டில் அழுகுரல் எழும். இறந்தவரின் வீட்டில் பொய்யான நம்பிக்கை பிறக்கும். ஆகவே, மருத்துவமனையும் மாவட்ட நிருவாகமும் உறுதி செய்யாத பெயரை வெளியிடலாகாது. ஏனையோரினும் முந்திச் செய்தி தர வேண்டும் என்னும் ஆசையை அடக்கி நிற்பதே அவ்விடத்தில் செய்தியாளரின் வீரம்.

2023ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அரிக்கொம்பன் என்னும் காட்டுயானை கம்பம் நகருக்குள் புகுந்தது. தடையாணை பிறப்பித்த அரசு, மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னது. ஜூன் 5ஆம் நாள் வனத்துறையினர் அதனைப் பிடித்து வேறு காட்டிற்குக் கொண்டுசெல்லும் வரை, யானை எங்கே நிற்கிறது என்பதே மக்கள் கேட்ட வினா. இத்தகைய நாட்களில் பழைய படமும் புதிய படம்போல் கைப்பேசிகளில் வலம் வரலாம். தெற்கே நிற்கும் யானையை வடக்கே நிற்பதாக யாரும் சொல்லிவிடலாம். அதனை நம்பி ஒருவர் தவறான தெருவில் நடந்தால் உயிருக்கே இடர். செய்தி எவ்வளவு விரைவாகப் பரவுகிறதோ, அவ்வளவு கவனமாக அதனைச் சரிபார்ப்பவர் தேவை என்பதை இத்தகைய நாட்களே உணர்த்துகின்றன.

ஊர்ச் செய்தியாளரின் வாழ்வு வளமானதன்று. பகுதிநேரச் செய்தியாளர் பலர்க்கு வெளிவந்த செய்தியின் அளவுக்கேற்ற சிறுதொகையே ஊதியம். அதனால் வேறு தொழிலும் செய்கின்றனர். இரவு பகல் என்ற வேறுபாடு அவர்களுக்கு இல்லை. மேலும் பெருநகரச் செய்தியாளருக்கு இல்லாத ஓர் இக்கட்டு அவர்களுக்கு உண்டு. யாருடைய குறையை எழுதுகிறாரோ, அவரை மறுநாள் காலையில் தெருவில் காண வேண்டும். அவர் உறவினராகவும் இருக்கலாம். குழந்தைகள் ஒரே பள்ளியில் படிக்கலாம். அன்பளிப்புக் கொடுத்து எழுதவிடாமல் தடுப்போரும் உண்டு. அச்சுறுத்தித் தடுப்போரும் உண்டு. இவ்விரண்டிற்கும் பணியாமல் ஊருக்குள்ளேயே வாழ்ந்து உண்மையை எழுதுவது எளிதன்று. ஆயினும் அந்த நெருக்கமே அவருக்கு வலிமையும் தருகிறது. தவறாக எழுதினால் ஊர் அவரை நேரில் கேட்கும். கேள்விக்கு அஞ்சுபவர் ஆராய்ந்தே எழுதுவார்.

வதந்திக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. வதந்திக்குப் பெற்றோர் இல்லை, முகவரி இல்லை, தவறினால் பொறுப்பேற்பாரும் இல்லை. செய்தித்தாளில் ஆசிரியர், வெளியிடுவோர் பெயரும், அச்சிட்ட இடமும் அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். வானொலி நிலையத்திற்கும் பெயரும் இடமும் உண்டு. பிழை நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவதும் அவற்றின் கடமை. தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இதழை மக்கள் மேலும் நம்புவரே அன்றிக் குறைவாக மதியார்.

கீழ்முகாமிற்கு வரும் நீர், மதகுகளைக் கடந்து, கால்வாய்களில் பிரிந்து, கடைமடை வயலையும் சென்று சேர வேண்டும். வழியில் ஒரு மதகு பழுதானாலும் கடைசி வயல் காய்ந்துவிடும். செய்தியும் அத்தகையதே. தலைநகரில் எவ்வளவு பெரிய அச்சகமும், மலையுச்சியில் எவ்வளவு உயர்ந்த வானொலிக் கோபுரமும் இருப்பினும், அவற்றிற்கு முதற்சொல்லைக் கொடுப்பவர் ஊர்ச் செய்தியாளர். அச்சொல் தூயதாக இருக்கும் வரை, காலையில் இதழை விரிக்கும் உழவரும், வானொலிக்குச் செவிகொடுக்கும் தோட்டத் தொழிலாளியும், அன்றைய நாளுக்குரிய முடிவை அச்சமின்றி எடுக்கலாம்.